தண்ணீருக்குள் விட்ட மூச்சு

இறால் விழுகிற நாளில் எங்கள் குப்பத்தில் பிள்ளையைப் பார்க்க ஆள் இருக்காது. இதை யாரும் குற்றமாகச் சொல்ல வேண்டாம். சொல்கிறவர்கள் வந்து, ஐஸ் கரைவதற்குள் ஒரு கூடை இறாலுக்குத் தலை கிள்ளிக் காட்டட்டும். அப்புறம் பேசலாம்.

எண்பத்து நாலோ எண்பத்தைந்தோ. கார்த்திகை மழை கொஞ்சம் விட்டிருந்தது. முகத்துவாரம் திறந்து ஏரிக்குள் கடல் தண்ணீர் ஏறியதில் இறால் கொட்டிக்கொண்டிருந்தது. லைட்ஹவுஸ் குப்பத்துப் பொம்பளைகள் அத்தனை பேரும் ஏரிக்கரைச் சேற்றில் குந்தியிருந்தார்கள். விரல் நுனியெல்லாம் முள் குத்தி வெளுத்துப்போயிருந்தது. பழவேற்காட்டு கௌஸ் மைதீன் பாய் ஐஸ் பெட்டிகளோடு படகில் வந்து, நின்ற இடத்தில் நிற்காமல் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, இறாலுக்கு ஜடை பின்னிக்கினு கீறீங்களா? கிள்ளுங்க சீக்கிரம். அங்க ஐஸு அழுவுது.”

“அழுவட்டும் பாய். உன் ஊட்டு பீவிய அனுப்பு, வந்து கண்ணத் தொடைக்கட்டும்” என்றாள் இருசம்மாள். கரையே சிரித்தது.

இருசம்மாள் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் கடலோடு போனவன். தாய் செத்த பிறகு தம்பி தேசப்பனைத் தூக்கி வளர்த்து, வலை பிடிக்கவிட்டு, பெண் பார்த்துக் கட்டிவைத்ததெல்லாம் அவள்தான். கட்டிக்கொண்டு வந்தவள் கஸ்தூரி. அவளுடைய அப்பன் கடலை விட்டுவிட்டுப் பொன்னேரியில் ஒரு ரைஸ் மில்லுக்குக் காவல் போனவன். அதனால் குப்பத்துக்காரர்களுக்கு அவள் எப்போதுமே அரை ஆள்தான். அவர்களுக்கு ஒரே பிள்ளை. தேசப்பன் கட்சிப் பைத்தியம், பிள்ளைக்கு இளங்கோவன் என்று பேர் வைத்திருந்தான். அப்போதுதான் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்தது.

சிரித்து முடித்து, கூடையைத் தள்ளிவிட்டுத் தலை நிமிர்ந்தபோது கஸ்தூரி கேட்டாள்: “அண்ணி, புள்ள எங்க?”

கட்டிவைத்திருந்த இரண்டு நாவாப் படகுகளுக்கு நடுவில் ஆள் படுக்கிற அகலத்துக்குத் தண்ணீர் கிடந்தது. அங்கே குமிழி வந்துகொண்டிருந்தது. ஏரியில் பிழைக்கிறவர்களுக்குக் குமிழி தெரியும். நண்டு விடுகிறது வேறு, சேறு விடுகிறது வேறு. இருசம்மாள் பார்த்த பார்வையிலேயே பாய்ந்துவிட்டாள். குமிழி வந்த இடத்துக்கு நேர் கீழே சேற்றில் கைவிட்டு, காலைப் பிடித்துத் தூக்கினாள்.

காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றினார்கள். தண்ணீரும் சேறுமாய்க் கக்கியது. மூச்சு வந்தது, ஆனால் அது மூச்சு மாதிரி இல்லை. ரம்பம் இழுக்கிற மாதிரி இருந்தது. கௌஸ் மைதீன் பாய் ஓடி வந்தார். பிள்ளையைப் படகில் போட்டுக்கொண்டு அக்கரை போனார். அங்கே நின்ற அவர் வேனிலிருந்து பெட்டிகளை இறக்கி வெயிலில் வைத்துவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். வியாபாரியை நான் நம்புகிறவன் இல்லை. அன்றைக்கு அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

காசிமேட்டில் நான் சில காலம் மீன் இறக்கியிருக்கிறேன். மெட்ராஸ் தெரிந்த ஆள் என்று கஸ்தூரியோடும் தேசப்பனோடும் என்னையும் கூட்டிப் போனார்கள். இருசம்மாளை விட்டுவிட்டுப் போனோம். ஒருத்தராவது வீட்டில் இருக்க வேண்டுமே.

ஆஸ்பத்திரியின் பேர் இங்கே வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி. பிள்ளையின் தொண்டைக்குள் குழாய் செருகி மெஷினில் போட்டார்கள். மெஷின் மூச்சு விட்டது. பிள்ளை படுத்துக் கிடந்தது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும். அது உயிரோடு இருக்கிறதா, மெஷின்தான் ஆட்டுகிறதா என்று எனக்குச் சந்தேகம். கேட்டால் திட்டுவார்கள் என்று கேட்கவில்லை. கஸ்தூரி வாசலிலேயே படுத்தாள், வாசலிலேயே எழுந்தாள். தேசப்பன் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே போய் பீடி பிடிப்பான்.

ஒருநாள் காலை தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள். உள்ளே கூப்பிட்டபோது, பிள்ளை பிழைத்துவிட்டது என்றுதான் போனோம். போய்ப் பார்த்தால் மூக்கில் இரண்டு சின்னக் குழாய்கள், முகமெல்லாம் பிளாஸ்டர். ஒரு பக்கம் ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து வருகிறது. இன்னொரு பக்கத்துக் குழாய் கட்டிலோரம் போய், ஸ்டூல்மேல் இருந்த கண்ணாடிப் பாட்டிலுக்குள் இறங்குகிறது. பாட்டிலில் தண்ணீர். தண்ணீருக்குள் குழாய். அதன் வாயிலிருந்து குளுகுளுவென்று குமிழி.

தேசப்பன் அதைப் பார்த்தான். திரும்பி வெளியே போய்விட்டான்.

செசிலியா என்கிற சிஸ்டர்தான் கஸ்தூரிக்குச் சொன்னாள். முகத்தில் சிரிப்பே கிடையாது, ஆனால் சொல்வதைத் திரும்பவும் சொல்வாள்.

“மெஷின எடுத்தாச்சு. இனி புள்ளதான் மூச்சு விடணும். ஆனா நெஞ்சுல இன்னும் தெம்பு இல்ல. விட்ட மூச்சு மொத்தமும் வெளிய போயிடுச்சுன்னா, உள்ள இருக்கற சின்னச் சின்னப் பையெல்லாம் சுருங்கி ஒட்டிக்கும். ஈரத்துணி ஒட்டிக்குதில்ல, அப்படி. அதனால வெளிய போற குழாயத் தண்ணில வெச்சிருக்கு. தண்ணி கொஞ்சம் எதுத்துப் புடிக்கும். புரியுதாம்மா?”

“புரியுது சிஸ்டர். மடையில பலக சொருவினா தண்ணி கொஞ்சம் உள்ள நிக்குமே...”

“ஏதோ ஒண்ணு. குமிழி வந்துகிட்டே இருக்கணும். நின்னா என்னக் கூப்பிடு. தண்ணி குழாயில போட்டிருக்கற இந்தக் கோட்டுக்குக் கீழ போனாலும் கூப்பிடு. நீ கை வைக்காதே. யாரும் வைக்கக் கூடாது.”

கஸ்தூரி ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையைக்கூட அவ்வளவு பார்க்கவில்லை, பாட்டிலைத்தான் பார்த்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் தேசப்பன் என்னிடம் புலம்பினான். “அண்ணே, அந்த பாட்டிலுகிட்ட என்னால நிக்க முடில. தண்ணியிலேர்ந்து எடுத்துக்கினு வந்த புள்ள. அது மூச்ச மறுபடியும் தண்ணிக்குள்ளயே கொண்டுபோய் வுட்டு வெச்சிக்கிறாங்களே. கலசம் கூட எடுக்கல இன்னும்.”

கலசம் என்பது எங்கள் குப்பத்து வழக்கம். தண்ணீரில் விழுந்து பிழைத்த பிள்ளையை, அப்பன் வீட்டு மூத்த பொம்பளை முகத்துவாரத்துக்குத் தூக்கிப் போய், கங்கையம்மாளுக்குக் கலசம் விட்டு, ‘உனக்குக் கொடுத்தது போதும்’ என்று சொல்லி வாங்கி வரவேண்டும். அதுவரை அந்தப் பிள்ளையைத் தண்ணீரிடம் காட்டக் கூடாது. குளிக்க வார்க்க மாட்டார்கள். பக்கத்தில் குடம் இருந்தால் மூடிவைப்பார்கள்.

“இங்க போயி இத யார்கிட்டடா சொல்றது?” என்றேன்.

“சொன்னா சிரிப்பாங்க.”

“சிரிக்க மாட்டாங்க. வெளிய போன்னுவாங்க.”

அவன் பீடியைக் காலால் தேய்த்தான். “அக்கா வந்தா இன்னா சொல்லுமோ தெரில.”

அக்கா வந்தாள். பொன்னேரி வந்து பஸ் மாறி, மஞ்சள் கயிறும், மடியில் கட்டிய அம்மன் சாம்பலும், டப்பாவில் கருவாட்டுக் குழம்பும் சோறுமாய் மத்தியானம் வந்து சேர்ந்தாள். உள்ளே ஒருத்தருக்குத்தான் அனுமதி.

“நீ போயி தலைக்கு ஊத்திக்கினு, கொஞ்சம் துன்னுட்டு வா. மூஞ்சியப் பாரு, கருவாடு மாதிரி கீது. நான் குந்திக்கறேன்” என்றாள் கஸ்தூரியிடம்.

“அண்ணி, அந்த பாட்டில மட்டும் தொடாத. குமிழி நின்னா சிஸ்டரக் கூப்புடு.”

“குமிழிய நீ எனக்குச் சொல்லித் தர்றியா? நீ போ.”

இதிலே கஸ்தூரியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தண்ணீருக்குள்ளிருந்து பிள்ளையை எடுத்துக் கொடுத்தவளை நம்பாமல் அவள் வேறு யாரை நம்புவாள்? தேசப்பன் கஞ்சி வாங்கப் போனான். நான் வார்டு வாசலில் பெஞ்சில் இருந்தேன்.

உள்ளே நடந்ததை இருசம்மாளே பிற்பாடு ஊர் முன்னால் சொன்னாள். கயிற்றைக் கட்டினாள். சாம்பலை வைத்தாள். உட்கார்ந்தாள். பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருந்தது. நாவாக்களுக்கு நடுவில் பார்த்த அதே குமிழி. அன்றைக்குப் பிள்ளை அதற்குக் கீழேதான் இருந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையின் உயிரைத் தண்ணீர் உறிஞ்சிக் குடிக்கிறது என்று பட்டது. குழாயைத் தண்ணீரிலிருந்து உருவினாள். முந்தானையால் துடைத்தாள். கட்டில்மேல் காய்ந்த இடத்தில் வைத்தாள். சத்தம் நின்றது. பிள்ளை அழவில்லை, அசையவில்லை. ‘பாத்தியா, நிம்மதியா கீது’ என்று நினைத்துக்கொண்டாளாம்.

கஸ்தூரி ஈரத்தலையோடு திரும்பி வந்தாள். வாசலில் நுழையும்போதே குமிழிச் சத்தம் கேட்காமல் நடையை எட்டிப் போட்டாள். நானும் எழுந்து பின்னால் போனேன். பிள்ளையின் விலா எலும்புக்கு நடுவில் சதை குழி குழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. மூக்கு விடைத்துக்கொண்டது. உதடு, கணவாய் மை பட்ட மாதிரி. இருசம்மாள் அப்போதுதான் பயந்துபோய்க் குழாயை மறுபடி பாட்டிலுக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். திணித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குழாய் கோடு வரை இறங்கவில்லை, தண்ணீரின் மேலாக்கத்தான் நனைந்துகொண்டிருந்தது.

சிஸ்டர் ஓடி வந்தாள். டாக்டரம்மாவும் வந்தார்கள். நல்ல வயசுப் பொண்ணு. ரப்பர் பையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டே பேசினார்கள்.

“பாட்டில் ஓடிக்கிட்டுதானே இருக்கு? அப்பவும் தாங்கல. மறுபடி தொண்டையில குழாய் போட வேண்டியதுதான் சிஸ்டர்.”

“மெஷின் அந்த மூணாவது கட்டில் பொண்ணுக்குப் போட்டாச்சு டாக்டர்.”

“தெரியும். தொண்டை வேற வீங்கியிருக்கு. இந்தத் தடவை குழாய் போறதே கஷ்டம்.” நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள். “யாராவது இதைத் தொட்டீங்களா? இழுத்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க. தானா மோசமாச்சா, இல்ல குழாய் வெளிய வந்துச்சா?”

யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் குப்பத்தில் ஒரு கட்டு உண்டு. வீட்டுக்குள் வெட்டிக்கொண்டாலும் வெளியாள் முன்னால் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டக் கூடாது. போலீஸ் வந்தாலும் சரி, தாசில்தார் வந்தாலும் சரி. கை காட்டினவன் அப்புறம் ஊரில் இருக்க முடியாது. இருசம்மாள் தரையைப் பார்த்தாள். அவள் முந்தானை நுனி நனைந்திருந்தது. கஸ்தூரி அதைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள்.

“அண்ணிதாம்மா எடுத்துச்சி” என்றாள். “தண்ணியிலேர்ந்து உருவி வெளிய வெச்சிருக்குது. நான் வரும்போதுதான் திருப்பி உள்ள வுட்டுச்சி.”

டாக்டரம்மா குனிந்து பாட்டிலைப் பார்த்தார்கள். “கோடு வரைக்கும் இறக்குங்க சிஸ்டர். அப்ப இது புள்ள தோத்தது இல்ல, குழாய் வெளிய வந்ததுதான். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம். பையை நான் அழுத்தறேன்.”

“ஆமாண்டி எடுத்தேன்!” இருசம்மாள் எழுந்துவிட்டாள். “புள்ள உசுரு தண்ணியில போய்க்கினு கீது, எல்லாரும் பாத்துக்கினு கீறீங்க. எடுத்தேன். இன்னா இப்ப?”

ஆயா வந்து அவள் கையை முறுக்கி இழுத்துப் போனாள். வராந்தா முழுக்க ஜனம். ‘புள்ளயக் கொல்லப் பாத்தா’ என்று ஒருத்தி ஆரம்பித்தாள், அது வாய்க்கு வாய் தாவி வாசல் கேட் வரைக்கும் போய்விட்டது. போலீஸைக் கூப்பிடு என்றான் ஒருவன். மழை பிடித்துக்கொண்டது. கஞ்சித் தூக்கோடு வந்த தேசப்பன், கேட்டுக்கு வெளியே ரோட்டில் நனைந்துகொண்டு நின்ற அக்காளைத்தான் முதலில் பார்த்தான்.

அவன் உள்ளே வந்தபோது பிள்ளையின் உதட்டில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. பாட்டில் குளுகுளுத்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

“நீயா சொன்ன?”

“நான்தான்.”

“எங்கக்காவயா?”

“புள்ள நீலமா பூட்ச்சி.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? நான் கேட்டிருப்பேன்.”

“நீ வர்றதுக்குள்ள செத்துருக்கும்.”

“நடுரோட்டுல நிக்குது கஸ்தூரி. திருடிய நிக்க வெச்ச மாதிரி.”

“ஒரு வார்த்த புள்ள எப்பிடி கீதுன்னு கேளு” என்றாள் அவள்.

அவன் கஞ்சித் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அக்காளை பஸ் ஏற்றப் போய்விட்டான்.

பிள்ளை மெல்ல மெல்லத் தேறியது. பாட்டில் தண்ணீரின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். பிறகு பாட்டிலை எடுத்துவிட்டுச் சும்மா ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிறகு அதையும் எடுத்தார்கள். டாக்டர்களைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் கிடையாது. ஆனாலும் நடந்தது நடந்ததுதான், நான் பார்த்தேன். வீட்டுக்குப் போகச் சொன்ன அன்றைக்கு சிஸ்டர் செசிலியா பிள்ளையின் கன்னத்தில் பிளாஸ்டர் உரிந்த புண்ணுக்கு மருந்து தடவிக்கொண்டே, “ஊருக்குப் போய் யாரும் சுத்தாதீங்க இதை, தலைகீழா” என்றாள். அப்போதும் சிரிக்கவில்லை.

குப்பத்துக்கு வந்தோம். இருசம்மாள் அடுப்பைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தாள். கலசம் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஏரியில் எங்கள் ஆட்கள் முறை வைத்துத்தான் வலை கட்டுவார்கள். அதற்குப் பாடு என்று பேர். பாடு வந்தால் தனியாளாகப் போக முடியாது, ஒரு வலைக்கு நாலு பேர் வேண்டும். தேசப்பனுடைய கூட்டாளிகள் நேருக்கு நேர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருத்தனுக்குக் காய்ச்சல். ஒருத்தனுக்கு மாமனார் ஊரில் விசேஷம். அடுத்த பாட்டுக்கும் காய்ச்சல். கலசம் எடுக்காமல் தண்ணீருக்குப் பாக்கி வைத்த பிள்ளையின் அப்பனோடு ஒரே நாவாவில் நிற்க எவனுக்கும் துணிச்சல் இல்லை. தேசப்பன் வலையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பகலில் படுத்துக் கிடந்தான்.

நாட்டாமை தருமலிங்கம் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினார்.

“இந்தாம்மா, கதய வளக்க வேணாம். உன் நாத்தனா காலுல வுழு. டாக்டரம்மாகிட்ட சொன்னது பொய்யின்னு ஊரு முன்னாடி ஒரு வார்த்த சொல்லு. அவ கலசம் எடுப்பா, உன் புருஷன் பாட்டுக்குப் போவான். முடிஞ்சிது.”

கஸ்தூரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். “காலுல வுழறேன். எம் புள்ளய எடுத்த கை அது. எத்தினி வாட்டின்னாலும் வுழறேன். பொய்யின்னு சொல்ல மாட்டேன்.”

“நான் கொல்லவாடி எடுத்தேன்?” இருசம்மாள் கேட்டாள். “அதச் சொல்லு. கொல்லவா எடுத்தேன்?”

“இல்ல அண்ணி.”

“அப்பறம் இன்னாத்துக்கு அவங்க முன்னாடி கை காட்டின? இவன் எச்சிலத் தொடச்சி வளத்தவ நானு. என்னப் புள்ள புடிக்கறவளப் பாக்கற மாதிரி பாத்தாங்கடி.”

“சொல்லலன்னா செத்துருக்கும்.”

“அது உனக்குத் தெரியுமா? நான் எடுத்த அந்த நேரம்தான் தண்ணி பயந்து வுட்டுச்சோ இன்னாவோ. உனக்குத் தெரியுமா?”

இதற்கு ஊரில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் எழுந்து, பாட்டிலை நானும் பார்த்தேன், கோடு வரைக்கும் இறக்கின பிறகுதான் நிறம் வந்தது என்றேன்.

“நீ குந்துண்ணே” என்றார் தருமலிங்கம். “மெட்ராஸுக்கு ஓசியில போயி பன்னு துன்னுட்டு வந்து இப்ப டாக்டரு வேல பாக்கற.” எல்லாரும் சிரித்தார்கள். கஸ்தூரி பக்கம் திரும்பி, “இன்னாத்துக்கும்மா இந்த வீம்பு? ஒரு வார்த்ததானே?” என்றார்.

“நான் பொய்யின்னு சொன்னா அந்த பாட்டிலு தப்புன்னு ஆவுது. நாளைக்கி இங்க இன்னொரு புள்ள வுழும், இல்ல சளி கட்டிக்கும். அதையும் அங்கதான் தூக்கிக்கினு ஓடுவீங்க. அப்ப வேற ஒருத்தங்க குழாய உருவுவாங்க. ஊரே சரின்னு சொல்லிச்சின்னு உருவுவாங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம்.”

சிரிப்பு நின்றது. ஆனால் யாரும் மாறவில்லை. ஊர் அப்படியெல்லாம் மாறாது. எல்லாரும் தேசப்பனைப் பார்த்தார்கள். அவன் அக்காளைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். நடிப்பு அழுகை இல்லை. அதுதான் கஷ்டம்.

“கொஞ்ச நாளு உங்க நைனா ஊட்ல இரு” என்றான்.

மறுநாள் காலை அவனே நாவாவில் கோல் ஊன்றி எங்களைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்தான். பொன்னேரி பஸ்ஸில் ஏற்றிவிட நானும் கூடப் போனேன். பனி விலகவில்லை. முகத்துவாரத்துப் பக்கமிருந்து ஊதல் காற்று அடித்தது. பிள்ளையின் தலையில் துண்டு சுற்றியிருந்தது. கரை வந்தது. கஸ்தூரி இறங்கினாள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டாள்.

“நீயும் வாயேன். எங்க நைனாகிட்ட சொல்லி மில்லுல மூட்ட தூக்கற வேல வாங்கித் தரச் சொல்றேன்.”

“மூட்ட தூக்கத் தெரியாது எனக்கு.”

“கத்துக்கலாம்.”

“அக்கா தனியா கீது கஸ்தூரி.”

“நானும் தனியாத்தான் போறேன்.”

அவன் கோலை நாவாவில் வைத்தான். பிள்ளையின் காலை ஒரு தடவை பிடித்துப் பார்த்தான். பிறகு கோலை எடுத்துக் கரையைத் தள்ளினான். முதுகைக் காட்டிக்கொண்டு, குப்பத்தைப் பார்த்து நின்று ஊன்றினான்.

அப்பன் போவதைப் பார்த்ததும் பிள்ளை இரண்டு கையையும் நீட்டியது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, வாயை அகலத் திறந்து அழுதது. ஒரு சத்தமும் வரவில்லை. அத்தனை நாள் குழாய் கிடந்த தொண்டை. குரல் வர மாசக்கணக்காகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். காற்றுதான் வந்தது. கஸ்தூரி அதைத் தோளில் சாய்த்துக்கொள்ளப் பார்த்தாள். அது திமிறித் திமிறி ஏரிப் பக்கமே சாய்ந்தது.

“டேய் தேசப்பா!” என்று கத்தினேன். “புள்ள உன்னப் பாத்து அழுவுதுடா!”

அவன் திரும்பவில்லை. கோலை மட்டும் ஒரு கணம் நிறுத்தினான்.

“எங்கண்ணே, சத்தமே காணோமே” என்றான். மறுபடியும் ஊன்றினான்.